சமையல்காரர் தாமதமாக வருவார்

என் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நான் பேருந்து ஓட்டுகிறவன். வெளியே போனாலும் அவள் குரல், வீட்டுக்கு வந்தாலும் அவள் குரல், தப்பிக்க வழியே இல்லை என்று கூட்டாளிகளிடம் அலுத்துக்கொள்வேன். உள்ளுக்குள் பெருமைதான்.

தொழில் பழக்கம் அவளை வீட்டிலும் விடாது. எதையும் இரண்டு தடவை சொல்வாள். "சாப்பாடு ரெடி, சாப்பாடு ரெடி" என்பாள். இன்னொரு பழக்கம் எங்கள் டிப்போ ஆட்களுக்கு மட்டும் தெரியும். ஒரு வண்டி அன்றைக்கு வரப்போவதே இல்லை என்றாலும் 'ரத்து' என்று மைக்கில் சொல்லக் கூடாது. சொன்னால் கூட்டம் மொத்தமும் அவள் ஜன்னலை மொய்த்துவிடும். 'தாமதமாக வரும்' என்றுதான் சொல்ல வேண்டும். ஜனங்கள் கொஞ்ச நேரம் நின்று, முணுமுணுத்து, மெல்லக் கலைந்து வேறு வண்டி பிடிப்பார்கள். வண்டி நிஜமாகவே வருகிறது என்றால் 'சற்று நேரத்தில் வந்து சேரும்' என்பாள். ஆகவே அவள் வாயில் தாமதம் என்றால் ரத்து. எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வான்.

இந்த வருடம் என் வலது கண்ணின் விழித்திரை கிழிந்துபோனது. டாக்டர் அறுவை செய்து, கண்ணுக்குள் காற்றை அடைத்து, அது கிழிசலை அழுத்திப் பிடிக்கும்வரை குப்புறப் படுத்தே கிடக்கச் சொன்னார். சாப்பிடவும் குளிக்கவும் எழுந்தாலும் தலை குனிந்தே இருக்க வேண்டும். நல்ல கண்ணுக்கும் வேலை கொடுக்கக் கூடாதாம். ஒன்று அசைந்தால் மற்றதும் கூடவே அசையுமாம். டிவி இல்லை, கைபேசி இல்லை. பார்வை திரும்பினால் மறுபடி வண்டி ஓட்டலாம். திரும்பாவிட்டால், ஒற்றைக் கண்ணன் கையில் பஸ்ஸைக் கொடுக்க யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? மீசை முளைத்த காலத்திலிருந்து ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் நான் பிடித்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு தலையணைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே தரையைப் பார்த்துக் கிடந்தேன். ஓர் எறும்பு போனால் அதுதான் அன்றைய தலைப்புச் செய்தி. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். காபியில் சூடு இல்லை என்பேன், சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துவிட்டது என்பேன். அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள்.

என் வண்டிக் கண்டக்டரை நாங்கள் 'சில்லறை' என்று கூப்பிடுவோம். அதை அவன் யாருக்கும் கொடுத்ததில்லை என்பதால் வந்த பெயர். அவன் என்னைப் பார்க்க வந்தபோது தலையணை கனத்தில் ஒரு நாவலைக் கொண்டுவந்தான். எந்தப் பயணியோ கடைசி சீட்டில் விட்டுப் போனதாம். கேட்டு யாரும் வரவில்லை. அட்டைகூட இல்லை.

"அண்ணி, இதைப் படிச்சுக் காட்டுங்க. இல்லன்னா அண்ணன் தரையப் பாத்துப் பாத்தே தேச்சுருவாரு" என்றான்.

மறுநாள் மதியம் டூட்டி முடிந்து வந்ததும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்தது அவள் பாதங்கள் மட்டும்.

"புயல் நெருங்குகிறது. புயல் நெருங்குகிறது."

"எத்தன புயலு?"

"ஒண்ணுதான். பேசாம கேளுங்க."

அது ஒரு பழைய சரக்குக் கப்பலின் கதை. கேப்டன் யாரோடும் சிரிக்காத ஆள். சமையல்காரர் அதற்கு நேர்மாறு: தொப்பை, ஓயாத வாய், துறைமுகத்துக்கு ஒரு பொய். சூப்பில் உப்பு கூடிவிட்டால் கடல் தளும்பி உள்ளே விழுந்துவிட்டது என்பார். கேப்டனையே ஒருமையில் திட்டுவார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது. அவள் படிக்கும் நேரம் மட்டும் நான் கட்டிலில் இல்லை, கப்பலில் இருந்தேன். கண்ணைப் பற்றிய கவலை அங்கே வரவில்லை. காலையிலிருந்தே மதியத்துக்குக் காத்திருப்பேன். காபியைக் குறை சொல்வதும் நின்றுபோனது.

ஒருநாள் பெரும்புயல். பாய்மரம் முறிந்தது, படகுகள் அடித்துக்கொண்டு போயின. திடீரென்று அவள் நிறுத்தினாள். பக்கங்கள் கொத்தாகப் புரளும் சத்தம் கேட்டது. அவள் கால் கட்டைவிரல் உள்ளே மடங்கியது.

"கப்பல் கரை சேர்ந்தது. சமையல்காரர் மட்டும் தாமதமாக வருவார். சமையல்காரர் மட்டும் தாமதமாக வருவார்."

தாமதமா? ஆள் போய்விட்டார். ஆனால் தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. குப்புறக் கிடக்கிறவனுக்கு ஒரு சாவைப் படித்துக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை என்று புரிந்தது. அதன் பிறகு கதையை ஒப்பேற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"கேப்டன் ஏன் அழறாரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெங்காயம் உரிச்சாரு."

"கேப்டனா?"

"சமையல்காரர்தான் இன்னும் வரலையே. வேற யாரு உரிப்பா?"

தலையணை குலுங்கச் சிரித்தேன். "ஆடாதீங்க, கண்ணுல காத்து கலைஞ்சிரும்" என்று முதுகில் தட்டினாள்.

மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இனி நிமிர்ந்து இருக்கலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"பார்வை வர்றதுக்குத் தாமதமாகுமாம். கொஞ்சம் தாமதமாகுமாம்."

நிமிர்ந்து இருக்கலாம் என்றாலும் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்புக்குள் கட்டைவிரல் மடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்தாள். நான் எதிரே கட்டிலில் உட்கார்ந்தேன்.

"இந்தா, என்கிட்டயே அறிவிப்பு விடுறியா? வண்டி ரத்தா?"

அவள் புத்தகத்தைப் பிரித்தாள், மூடினாள்.

"ரத்து" என்றாள். ஒரே ஒரு தடவை.

அழுதேன். கூச்சப்படாமல் அழுதேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். இனி அந்த ஸ்டியரிங் எனக்கு இல்லை. அதை மாற்ற யாராலும் முடியாது.

"அந்தச் சமையல்காரரும்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். நீ தாமதம்னு சொன்ன அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தன நாளு கேட்டுட்டு இருந்தீங்க?"

"எப்படியாவது நீ அவரக் கூட்டிட்டு வந்துருவன்னு நம்பிட்டு இருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "என் கண்ணுதான் போச்சு. அந்த ஆளாவது வரட்டுமே."

அவள் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் பக்கங்கள்தான் பாக்கி. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தித் தொண்டையைச் செருமினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தாமதமாகிவிட்ட சமையல்காரர் சற்று நேரத்தில் வந்து சேருவார்."

இரண்டாவது தடவை சொல்ல வாயெடுத்தவளுக்குக் குரல் எழும்பவில்லை. நான் சொன்னேன்.