மூன்றாவது கை

என் வண்டியைத் தள்ளிவிட மதுரையில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் நான் நின்றால் போதும், எங்கிருந்தோ இரண்டு பேர் வந்துவிடுவார்கள். குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டுக்கூட வருவார்கள். "தள்ளவா?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். முதலில் தள்ளுவார்கள், அப்புறம் விசாரிப்பார்கள். காலுக்கு என்ன ஆச்சு, கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் ஆம்பளை ஆள் இல்லையா. எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான். அதனாலேயே வாய்விட்டுத் திட்டவும் முடியாது. அந்த எரிச்சல் தனி எரிச்சல்.

நான் ஷாஹீதா. ஆனையூரில் இருந்துகொண்டு தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறேன். சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. இடது கால் இரண்டு காலுக்கும் சேர்த்து வேலை பார்க்கும். என் வண்டி முன்பக்கம் மோட்டார் சைக்கிள். பின்பக்கம் இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு இரும்புத் தொட்டி. அதில் மிஷின்களை ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டி வரைக்கும் போய்வருவேன்.

ஒரு கடை போட்டு உட்கார்ந்தால் மிஷின் தானாகத் தேடி வராதா என்று கேட்பார்கள். வரும். ஆனால் அது ஏன் கெட்டுப்போனது என்பது அதோடு சேர்ந்து வராது. ஒரு வீட்டில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. மிஷினில் ஒரு குறையும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால், மேஜைக் காலுக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மிதிக்க மிதிக்க மேஜை ஆடுகிறது. இதையெல்லாம் போய்ப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் இங்கே என்ன கோளாறாக இருக்கும் என்று மனசு குறுகுறுக்கும் பாருங்கள், அதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

ஏற்றத்தில் என்ன பிரச்சினை என்றால், பின் பிரேக்கை வலது காலால் மிதிக்க வேண்டும். என் வலது கால் மிதிக்காது. மிச்சம் இருப்பது முன் பிரேக் மட்டும். அது வலது கையில். ஆக்சிலேட்டரும் அதே கையில். சமதரையில் சமாளித்துவிடுவேன். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதுதான் வம்பு. ஆக்சிலேட்டரை முறுக்கப் பிரேக்கை விட வேண்டும். விட்ட மாத்திரத்தில் பாரத்தோடு வண்டி பின்னால் உருளும்.

ரம்ஜான் முடிந்த வாரம் அப்படித்தான் மேம்பாலத்தில் நின்றேன். முன்னால் ஒரு வேன், அதற்கு முன்னால் நெரிசல். வேன் நகரட்டும் என்று நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பின்னால் இரண்டு நல்ல மனுஷர்கள் வந்து, "தள்ளிட்டோம், போங்கம்மா!" என்று ஒரே தள்ளு. பிரேக்கையும் மீறிப் போய் வேனில் இடித்தேன். ஹெட்லைட் நொறுங்கியது. தள்ளியவர்களே வேன்காரரையும் சமாதானம் செய்துவிட்டுப் போனார்கள்.

எங்காவது இடித்தால் அன்றோடு ஓட்டுவதை விட்டுவிடுகிறேன் என்று, வண்டி வாங்கும்போது வீட்டில் நானே வாக்குக் கொடுத்திருந்தேன். என் தம்பி உபைதுல்லா அதை மறக்கவில்லை.

"அக்கா, மேலூர்ல ஒருத்தரு வண்டியக் கேக்குறாரு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் பாக்க வாரேன்னு சொல்லியிருக்காரு" என்றான். "வாசல்லயே கடை போட்டுத் தாரேன். நீ உக்காந்த எடத்துலயே வேல பாரு."

"எவன் கையும் படாம அந்தப் பாலத்துல பாதியில நிறுத்தி, பாதியில இருந்து ஏறிக் காட்டுனா?"

அவன் யோசித்தான். "காட்டு. அப்பறம் நான் வாயத் தொறக்கல" என்றான்.

வெள்ளைத்துரை அண்ணன் பட்டறைக்குப் போனேன். என் வண்டிக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தவர் அவர்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கால் பிரேக்கு இழுக்குற கம்பிய கையால இழுக்க வைக்கணும். அம்புட்டுத்தான தங்கச்சி?" என்றார். பழைய காரிலிருந்து கழற்றிய ஒரு ஹேண்ட் பிரேக்கைக் குப்பையிலிருந்து எடுத்து வந்தார். அதை என் இடது தொடைக்குப் பக்கத்தில் பற்ற வைத்து, கேபிளைப் பின் பிரேக்குக் கம்பியோடு இணைத்தார். மேலே இழுத்தால் கடகடவென்று பல்லில் ஏறிப் பூட்டிக்கொள்ளும். நுனியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் விட்டுவிடும். நான் இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். அந்தச் சத்தம் எனக்கு அம்புட்டுப் பிடித்திருந்தது. அண்ணன் கடைசியில், "தங்கச்சி, பல்லு தேஞ்சிரும்" என்றார்.

புதன்கிழமை பாலத்துக்குப் போனோம். உபைதுல்லா தன் பைக்கில் பின்னால் வந்தான். பாதி ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இரண்டு கையையும் எடுத்துத் தலையில் முக்காட்டைச் சரிசெய்தேன். வண்டி அசையவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாலத்தில் நிதானமாக நின்று கீழே தண்டவாளத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

கிளம்பலாம் என்று இடது கையால் கிளட்சைப் பிடித்தேன். வலது கையால் ஆக்சிலேட்டரை முறுக்கினேன். சரி, ஹேண்ட் பிரேக்கை யார் விடுவது?

காரில் கிளட்ச் காலில் இருக்கிறது. கை சும்மா இருக்கும். இங்கே இரண்டு கையும் நிறைந்துவிட்டது. கிளட்சை விட்டுவிட்டுப் பிரேக்கை எடுக்கப் போனேன். இஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது. பின்னால் ஹாரன். உபைதுல்லா பைக்கை நிறுத்திவிட்டு வந்து தள்ளிவிட்டான்.

பட்டறையில் வெள்ளைத்துரை அண்ணன் தலையைச் சொறிந்தார். "நானும் யோசிக்கல பாரு. ரெண்டு கையி பத்தாது. இதுக்கு மூணாவது கையி ஒண்ணுல்ல வேணும்!"

வியாழக்கிழமை வாடிப்பட்டியில் அன்னக்கொடி அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது கடைசித் தடவையாகப் போகிறேனோ என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். அக்கா கரண்டில் ஓடும் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவர். நூல் அறுகிறது என்று சொல்லியிருந்தார்.

"எங்க, தைச்சுக் காட்டுங்கக்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அக்கா கழுத்து வளைவைத் தைத்தார். வளைவு திரும்பும் இடத்தில் இரண்டு கையாலும் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்காலை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்தார். துணியை அழுத்திக்கொண்டிருந்த இரும்புப் பாதம் டக்கென்று மேலே எழும்பியது. துணியைத் திருப்பினார். முழங்காலை எடுத்தார். பாதம் இறங்கியது.

மேஜைக்கு அடியில் ஒரு தகடு தொங்கும். தைப்பவருக்கு இரண்டு கையும் துணியில் இருக்கும் என்பதால் முழங்காலுக்கு வேலை கொடுக்கும் தகடு. இதுவரை எத்தனை தகட்டை நான் கழற்றி மாட்டியிருப்பேன், என் மண்டையில் ஏறவே இல்லை.

"அக்கா, இன்னொரு தடவ பண்ணுங்க."

"நூலு அறுகலையே இப்ப?"

"நூல விடுங்க. முட்டியக் காட்டுங்க."

அன்னக்கொடி அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் காட்டினார். நான் தரையில் குனிந்து மேஜைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். அப்புறம் நூலையும் சரிசெய்து கொடுத்துவிட்டு நேராகப் பட்டறைக்கு விட்டேன். என் மூட்டையில் கிடந்த பழைய தகடு ஒன்றை எடுத்து அண்ணன் முன்னால் போட்டேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. "அட!" என்றார். இடது முழங்காலுக்கு வெளிப்பக்கம் தகட்டை நிறுத்தினோம். அதிலிருந்து ஒரு சின்னக் கேபிள், பிரேக்கைப் பூட்டும் பல்லுக்கு. முழங்காலைச் சாய்த்தால் பல் தூக்கிக்கொள்ளும், பிரேக் விட்டுவிடும். ஸ்பிரிங் வலுவாக இருந்ததால் கேபிளை மாற்றி மாற்றி மாட்டி, அண்ணனே உட்கார்ந்து பார்த்து, நானும் உட்கார்ந்து பார்த்து, விளக்குப் போடும் நேரத்தில் முடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில், மேலூர்க்காரர் வருவதற்கு முன்னால் பாலத்துக்குக் கிளம்பினேன். தொட்டியில் மூன்று மிஷின். உபைதுல்லா பின்னால். சரியான நெரிசல். ஏற்றத்தின் நடுவில் நின்றேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

எதிர்பார்த்தபடியே ஒரு லுங்கிக்காரரும் ஒரு கல்லூரிப் பையனும் வந்துவிட்டார்கள். தொட்டியில் கை வைத்துத் தம் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. "என்னம்மா, பிரேக்கு ஜாம் ஆயிருச்சா?" என்றார் லுங்கிக்காரர். அதற்குள் பைக்கை ஓரம் கட்டிவிட்டு இன்னொருத்தரும் வந்து சேர்ந்துகொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். என் தம்பி! பந்தயம் கட்டியவனே பந்தயத்தை மறந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறான்.

"உபை, கைய எடு."

"பின்னாடி லாரி நிக்கிதுக்கா!"

"நிக்கட்டும். மூணு பேரும் கைய எடுங்க."

அவர்கள் கையை எடுத்தார்கள். முன்னால் இருந்த கார் நகர்ந்து இடம் விடும்வரை நான் காத்திருந்தேன். கிளட்ச், ஆக்சிலேட்டர். இஞ்சின் இழுக்கத் தொடங்கியது தொடையில் தெரிந்தது. முழங்காலைச் சாய்த்தேன். ஒரு விரல்கடை கூடப் பின்னால் போகாமல் வண்டி ஏறியது. பாலத்து உச்சி வரை நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டே போனேன். பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இறங்கியதும் ஓரமாக நிறுத்தினேன். உபைதுல்லா மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். குனிந்து தகட்டைப் பார்த்தான், விரலால் தட்டிப் பார்த்தான், "அப்ப, நீ விட்டாத்தான் போகுமா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்சம் தள்ளிப் போய் மேலூர்க்காரருக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னான்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் வாசலில் ஒரு சரிவு உண்டு. தினமும் நான் வரும் சத்தம் கேட்டாலே அவன் ஓடி வந்து தொட்டியில் கை வைத்து உள்ளே தள்ளிவிடுவான். அன்றும் ஓடி வந்தான். கையை நீட்டியவன், தொடாமல் அப்படியே நின்றான்.

"அக்கா, தள்ளவா?"

அந்தக் கேள்வியை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

"வேண்டாம்டா" என்றேன். "முன்னால போயி கேட்டத் தொற."