உப்பிட்ட கத்தரி இலை

மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூட விறாந்தையில் பால்மாத் தகரப் பேணி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி சவிரிமுத்து நின்றார். வரும் வழியில் அல்லைப்பிட்டிச் சோதனைச்சாவடியில் அதைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரன் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தானாம். சிரித்தால் சிரிக்கட்டும், பறிக்கவில்லைத்தானே என்று மகள் மேர்சியிடம் பெருமையாகச் சொன்னார்.

சண்டையைக் காட்டிக் கடலுக்குப் போக விடாத 2007ஆம் ஆண்டு அது. ஆயுள் முழுக்க வலை இழுத்த மனுசன், ஊர்காவற்றுறையில் வீட்டுக்குப் பின்னால் கத்தரி நட்டு, அதை விற்றுத்தான் குடும்பத்தின் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அதிலும் நாலைந்து செடிகளில் சிற்றிலை நோய் விழுந்தது. இலைகள் நகமளவுக்குச் சிறுத்துக் கொத்தாக அடைந்தன. பூக்கள் பச்சையாகி இலையாகவே திரும்பின. காய் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் பிடுங்கப் போனபோது மறித்தவள் லீவில் வந்திருந்த மேர்சிதான். அவளுடைய ஆராய்ச்சியே அந்த நோய்தான்.

“பிடுங்காதேங்கோ அப்பா. எனக்கு வேணும்.”

பைற்றோபிளாஸ்மா என்ற கிருமி செடியின் சாறோடு ஓடித் திரிவதையும், அது புகுந்ததும் செடி தன் புரதங்களில் சிலவற்றைக் கூட்டி, வெயிலில் சாப்பாடு செய்கிற புரதங்களைக் குறைத்துவிடுவதையும் குசினி வாசலில் இருந்து விளக்கினாள். அவர் செடியைக் காட்டிக் கேட்டார்.

“அப்ப அது எதிர்த்து நிக்குதோ, இல்லாட்டி விட்டுக்குடுக்குதோ?”

“அதுதான் தெரியாது அப்பா. புரதத்தைப் பிரிச்சுப் பாத்தால்தான் சொல்லலாம்.”

நோயைக் காவித் திரியும் தத்துப்பூச்சி நோய்ச்செடியில் சாறு குடித்துவிட்டு நல்ல செடியில் குந்துவதைக் கண்டும் அவர் பொறுத்திருந்தார். மனைவி அந்தோனியம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிள்ளையின் படிப்பு என்பதே அவரிடமிருந்த ஒரே பதில்.

இலையை ஐசில் வைத்துக் கொண்டுவரும்படி மேர்சி ரெலிபோனில் சொல்லியிருந்தாள். பறித்த இலை குளிரில் இல்லாவிட்டால் புரதம் சிதைந்துவிடும். தானே வந்து எடுக்கிறேன் என்றவளை, ஆமி மறிக்கிற இந்தப் பாதையால் வரவேண்டாம் என்று அவர்தான் தடுத்தார்.

இப்போது மேர்சி பேணியைத் திறந்தாள். ஒரு படை இலை, ஒரு படை உப்பு. கருவாட்டுக்கு அடுக்குவதுபோல அத்தனை ஒழுங்கு. இலைகள் கறுத்துச் சோர்ந்து, தம் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தன.

“ஐசுக்கு எங்கை பிள்ளை போறது? மீன் இல்லாத ஊரிலை ஆர் ஐஸ் வைச்சிருக்கினம்? நல்லா உப்புப் போட்டனான். ஒரு மாசம் கிடந்தாலும் பழுதாகாது.”

மேர்சிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி இந்த இலையில் தெரியப்போவது உப்பு செய்த வேலைதான், நோய் செய்தது அல்ல. பரவாயில்லை, செடி நிற்கிறதுதானே, இன்னொரு முறை எடுக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

“செடியள் எப்பிடி அப்பா?”

“தோட்டம் முழுக்கப் பிடிச்சிட்டுது. கொம்மா ஒரே அழுகை. உனக்குத் தேவையானதை ஆய்ஞ்சுபோட்டு, மிச்சம் எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சுப்போட்டன்.” போதுமா என்பதுபோலப் பேணியைக் கண்ணால் காட்டினார். “இவ்வளவும் காணும்தானே?”

“காணும் அப்பா.”

“அப்ப பேணியைத் தா. வீட்டிலை வேறை இல்லை.”

அவள் உள்ளே போய்க் கண்ணாடித் தட்டொன்றை எடுத்துவந்தாள். கையுறையை மாட்டி, இடுக்கியால் ஒவ்வோர் இலையாகத் தூக்கி, உப்பைத் தட்டி, கிழியாமல் விரித்துத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். தன் மூச்சுப் பட்டு இலைக்கு ஏதும் ஆகிவிடக்கூடாதென்று சவிரிமுத்து துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.