சோப்பு போட்ட வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வகத்தின் சின்ன அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசையின் தலைப்பக்கம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, எங்கள் துறைத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் உதவிப் பேராசிரியர். தலைவர் சொன்னதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார் என்பதால் அவருக்கு நகல் என்று பெயர். இடப்பக்கம் என் அண்ணி. ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் பாடுபடுகிறவர். கதவோரம், கால் ஆடும் நாற்காலியில் நான். ஒளியை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பத்திரிகைக்கு அனுப்பியிருக்கும் ஆய்வுக் கட்டுரையில் நான்காவது பெயர் என்னுடையது; அது வெளிவர நாலு பேரின் கையெழுத்தும் வேண்டும்.

தலைவர் கையில் ஒரு பன். அவர் பேசப் பேச வெண்ணெய் விரலில் வழிந்து, நான் கொண்டுவந்த வரைபடத்தின் ஓரத்தில் மஞ்சளாகப் பரவியது. பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை.

விஷயம் இதுதான். ருத்தேனியம் என்ற உலோகத்தை வைத்து ஒரு சாயம் செய்திருக்கிறோம். தண்ணீர் பட்டால் அதன் ஒளி அணைந்துவிடும். டிஎன்ஏவின் மடிப்புக்குள் புகுந்து தண்ணீருக்கு ஒளிந்துகொண்டால் சிவப்பாக ஒளிரும். வழக்கமான டிஎன்ஏவுக்கு இரண்டு இழை. சில இடங்களில், புற்றுநோய் செல்களில் அதிகமாக, அது நாலு மடிப்பாகச் சுருண்டுகொள்ளும். இரட்டை இழையில் மங்கிக் கிடக்கும் எங்கள் சாயம் நாலு மடிப்பில் மட்டும் முப்பது மடங்கு பளிச்சிடுகிறது என்பதுதான் கட்டுரை. அதை நம்பி, எதிர்க் கட்டடத்து மருத்துவமனையில் நோயாளிகளின் கட்டியிலிருந்து வெட்டிய துண்டுகளில் இதை ஊற்றிப் பார்க்க நாள் குறித்தாயிற்று. யாருக்கு எந்த மருந்து என்று அந்த வெளிச்சத்தை வைத்து முடிவு செய்வார்களாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் வெற்றுக் குழாயை ஒரு முறை அளப்பது என் வழக்கம். சாயம், உப்பு, தண்ணீர், டிஎன்ஏ கிடையாது. இருட்டாக இருக்கவேண்டும். போன வெள்ளிக்கிழமை அது ஜோராக ஒளிர்ந்தது.

குழாயைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் திரிந்த பால் மாதிரி ஒரு வழவழப்பு. பஞ்சுக் குச்சியை விட்டு வழித்து முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை. பாத்திரம் கழுவுகிற சோப்பு. நாலு மடிப்பைச் சூடாக்கி மெல்ல ஆறவிடவேண்டும் என்பதால் அதற்குக் கண்ணாடிக் குழாய். இரட்டை இழைக்கு ஒரு தடவையோடு எறிகிற பிளாஸ்டிக் குழாய். ஆக, சோப்பு பட்டது கண்ணாடியில் மட்டும். சோப்பும் சாயத்தைத் தண்ணீர் தொடாமல் பொத்தி வைக்கும். கண்ணாடியை அமிலத்தில் ஊறப்போட்டு, பத்து முறை அலசி, மறுபடி அளந்தேன். முப்பது மடங்காவது ஒன்றாவது! ஒன்றேகால் கூடத் தேறவில்லை.

"வெத்துக் குழாய் படமெல்லாம் எதுக்கு? யார் கேட்டா?" என்றார் தலைவர்.

"யாருமே கேக்கல சார்!" என்றார் நகல்.

"சார், நாம டிஎன்ஏவை அளக்கல. சரியா அலசாத பாத்திரத்தை அளந்திருக்கோம்."

"ஏன்யா, ஒனக்கு என்ன மோப்ப நாய் மூக்கா? சோப்பு வாசனை வருதாம்!"

நகல் விழுந்து விழுந்து சிரித்தார். தலைவரும் சிரித்தார். அவர் வாயிலிருந்த பன் துணுக்கு ஒன்று ஈரத்தோடு என் குறிப்பேட்டில் வந்து விழுந்தது.

"ஆஸ்பத்திரியில இதை ஊத்தப் போறாங்க சார்."

"அது அவங்க பாடு."

நான் அண்ணியைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க அண்ணி. மூணு மாசம் கொடுத்தா எல்லாத்தையும் திரும்ப அளந்துடலாம்."

"வீட்டுல பேசிக்கலாமே தம்பி."

"வீட்டுல கருவி இல்லையே அண்ணி."

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "எனக்குப் போன மாசமே தெரியும். ஒரு நாள் குழாயை நல்லாக் கழுவினேன். வெளிச்சம் போயிடுச்சு. அதுக்கப்புறம் நல்லாக் கழுவறதை விட்டுட்டேன்."

யாரும் திடுக்கிடவில்லை. தலைவர் விரலை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டுக் கையெழுத்துத் தாளை என் பக்கம் தள்ளினார். தாளில் எச்சில் ஈரம். நான் எழுந்து வெளியே வந்தேன், வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு.

மதியச் சாப்பாடு தினமும் அண்ணி கட்டித்தருவதுதான். அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். டப்பாவைத் திறந்தேன். அதே எலுமிச்சை வாசனை. ஆய்வகத்துக்கும் அண்ணி கொண்டுவருவது எங்கள் வீட்டு சோப்புதான். மூடிவிட்டேன்.

அப்போது அண்ணன் போனில் வந்தான். "ஒரு கையெழுத்துடா. ஆறு வருஷமா அவ தூங்கல. நீயே மண்ணள்ளிப் போடுவியா?"

"அந்த ஆஸ்பத்திரியில யாருக்காவது தப்பான மருந்து கொடுத்துட்டா?"

"யாருக்கோ ஆகறதுக்கு நீ ஏன்டா குதிக்கற?"

"யாருக்கோதான்."

"அப்ப மாடியைக் காலி பண்ணிடு" என்றான். போன் வைக்கும் முன் பின்னால் அண்ணியின் இருமல் கேட்டது. கூட்டம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று பத்திரிகை ஆசிரியருக்கு, ஒன்று மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்கு. சிற்றூர்ப் பள்ளியில் பழகியபடி அனுப்புநர், பெறுநர், பொருள். பொருள்: என் பெயரை நீக்குவதும், வெற்றுக் குழாயின் அளவும். கீழே வரிசையாக நாள், குழாய் எண், கழுவும் முன் எவ்வளவு, கழுவிய பின் எவ்வளவு. கடைசியில், 'இந்த அளவைத் தொடக்கத்திலேயே எடுக்காமல் இரண்டு வருடம் சும்மா இருந்தது என் பிழை' என்றும் எழுதினேன். அண்ணி சொன்னதை எழுதலாமா என்று கால் மணி நேரம் யோசித்தேன். எழுதினேன், அவர் சொன்ன வார்த்தைகளிலேயே.

வரைபடத்தை இணைக்கவேண்டும். இன்னொன்று எடுக்க நகல் இயந்திரம் நகலின் அறையில் இருக்கிறது. அதனால் வெண்ணெய்க் கறை படிந்ததை ஆசிரியருக்கு வைத்தேன். மருத்துவருக்குக் கையால் வரைந்தேன்.

உறைகளின் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டினேன். பசை கசந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பத்து முறை அலசி அண்ணியின் மேசையில் வைத்துவிட்டு, தபால் நிலையத்துக்கு நடந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இரண்டையும் எடை போட்டு, முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமலே சாக்குப் பைக்குள் எறிந்தார்.