மிஷினுக்குப் பிடிக்காத முகம்

காக்களூர் தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனி. அதன் வாசலில் மாட்டியிருக்கும் வருகைப்பதிவு மிஷினுக்குத் தெரிந்தது இரண்டே பேச்சு. முகம் சரியாக இருந்தால் 'தேங்க் யூ', இல்லாவிட்டால் 'ப்ளீஸ் ட்ரை அகெய்ன்'. அந்தத் திங்கட்கிழமை காலை, பேக்கிங் பிரிவு ஆரோக்கியமேரியைப் பார்த்து அது ஐந்தாவது முறையாக இரண்டாவதைச் சொன்னது.

"இன்னாக்கா, பின்னாடி இத்தினி பேரு நிக்கிறோம்!" என்று கத்தினாள், அவளோடு ஒரே மேசையில் வேலை செய்யும் துர்காதேவி.

வேறொரு நாளாக இருந்தால் மேரி அந்த மிஷினை நாலு அறை அறைந்திருப்பாள். இன்றைக்குக் கோபமே வரவில்லை. தரையில் கால் பாவாத சந்தோஷம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, விடிந்தால் தோளும் இடுப்பும் இறுகிக் கிடக்கும். தலைவாரக் கையைத் தூக்க முடியாது. ஸ்டெராய்டு மாத்திரை போட்ட மூன்றாம் நாளே வலி ஓடியது; கை மட்டும் தலைவரை எட்டவில்லை. பதிலுக்கு முகம் பூசணிக்காயாக உப்பியது. "ஊதிட்டியே மேரி" என்று ஆளாளுக்குச் சொல்ல, பொறுக்காமல் போன வருடம் ஒரே நாளில் மாத்திரையை நிறுத்தினாள் மகராசி. நான்காம் நாள் வாந்தி, மயக்கம், ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, "மாடியிலிருந்து குதிக்கக் கூடாது, படிப்படியாத்தான் இறங்கணும்" என்று நாலு மாத்திரையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஒவ்வொரு படி இறங்கும்போதும் மேரிக்குப் பயம். வலி திரும்பினால் மறுபடி மேலேயல்லவா ஏற வேண்டும்!

நேற்று முதல் அரை மாத்திரை. இன்று காலை பயந்து பயந்து கையைத் தூக்கினாள். அது பாட்டுக்கு மேலே போனது! தானே வாரிக் கொண்டை போட்டுக்கொண்டாள். இரண்டு வருடமாக அவளுக்குத் தலைவாரிவிட்ட கணவன் எட்வர்ட், சீப்போடு வந்து வாய் பிளந்து நின்றான்.

"அப்போ என் வேல பூட்ச்சா?"

"பூட்ச்சுய்யா! போய் நாஷ்டாவ டப்பால போடு."

அந்தக் குதியாட்டத்தில் சாப்பிடக்கூடச் செய்யாமல் ஓடி வந்தவளைத்தான் மிஷின் யாரென்று கேட்டது.

மிஷினைப் பார்த்துக்கொள்ளும் அன்புராஜ் ஆபீஸிலிருந்து லேப்டாப்போடு வந்தான். அவள் பெயருக்கு நேரே, போன வருடம் பதிந்த படத்தில் ஒரு பூசணிக்காய் சிரித்தது.

"யாருக்கா இது?"

"நான்தான் தம்பி!" மேரிக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையே சிரித்தது.

"நாலு வருசத்துக்கு முந்தி எடுத்த மொகம் ஒண்ணு அழிக்காமக் கீது. அத்தப் போட்டுப் பாக்கட்டா?" என்றான் அன்புராஜ்.

நோய் வருவதற்கு முந்தைய முகம். மேரியின் சிரிப்பு நின்றது. அதுவும் 'ட்ரை அகெய்ன்' என்றுவிட்டால்? சேசுவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிட்டே போய் நின்றாள்.

"தேங்க் யூ."

இன்னொரு தடவை காட்டினாள். "தேங்க் யூ." மூன்றாவது முறையும் காட்டப் போனவளைத் துர்காதேவி பிடித்து உள்ளே தள்ளினாள்.

"அதான் பழைய மொகமே வந்துட்ச்சே, இன்னும் இன்னாத்துக்கு மாத்திர? தூக்கிக் கடாசுக்கா!"

மேரிக்கும் ஒரு நிமிடம் கை அரித்தது. பையிலிருந்து எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட எவ்வளவு நேரமாகும்? சென்ற முறையும் இப்படித்தான் அரித்தது.

"ஒரு தபா குதிச்சிப் பாத்தாச்சிம்மா, போதும்" என்றாள்.

மேசையில் உட்கார்ந்து எட்வர்ட் கட்டிக்கொடுத்த இட்லியை ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள். பிறகு, இரண்டு வருடமாகத் திட்டித் திட்டியே விழுங்கிய அந்த வெள்ளை மாத்திரையில் பாதியை உள்ளங்கையில் வைத்து, மிஷினின் குரலிலேயே அதற்கு ஒரு 'தேங்க் யூ' சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.