குளக்கட்டால் இறங்கிய சிவப்புக் கார்

தயாபரன் ஒரு காலத்தில் உலகத்திலேயே மிக வேகமாகக் கார் ஓடியவன். இடம் வவுனியா, சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. காரின் நிறம் சிவப்பு. அதற்குக் கூரை கிடையாது. பக்கத்து இருக்கையில் பொன்னிறக் கூந்தல் பறக்க ஒருத்தி இருப்பாள். விளையாட்டுப் பெட்டியில் காசுக் குற்றியைப் போட்டதும் கடலும் தென்னைகளும் திரையிலிருந்து எழுந்து அவனை நோக்கி ஓடிவரும். பாடசாலைச் சட்டையோடு அந்தப் பெட்டிக்குள் ஏறியிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தால் போதும். இடம்பெயர்ந்து வந்திருந்த ஒற்றை அறை, தண்ணீர்க்குடம், கணக்குப் பாடம் எல்லாம் தூசியாகப் பின்னால் போய்விடும்.

முதலிடம் பிடித்தவனின் பெயர் அந்தத் திரையில் மின்னிக்கொண்டிருக்கும். அது எப்போதும் தன்னுடைய பெயர்தான் என்று, இப்போது வயல் செய்யும் முரசுமோட்டையில் அவன் சொல்லாத ஆள் இல்லை. பின்னேரங்களில் மின்சாரம் நின்றுபோக அந்தப் பெயர் அழிந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்வான். ஆகவே அவனை மறுத்துப் பேச உலகில் ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை.

அவன் மனைவி தாட்சாயினி இந்தக் கதையைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிட்டாள். பிறகும் கேட்டாள். கேட்டுக் கேட்டு, அந்தப் பொன்னிறக் கூந்தல்காரி மீதிருந்த சின்னப் பொறாமைகூட அவளுக்குத் தேய்ந்துபோயிற்று.

இப்போது அவளுக்கு வேண்டியது கார்த் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி. போன அறுவடையோடு ஒரு பழைய சின்னக் கார் வாங்கியிருந்தார்கள். அவள் எழுத்துச் சோதனை பாஸ் பண்ணி, பழகுகிறவர்கள் காரில் மாட்டும் எல் போர்ட்டும் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் திறப்பு தயாபரனின் சட்டைப் பையைவிட்டு இறங்கவில்லை. தினமும் காலையில் அவன்தான் அவளைக் கிளிநொச்சியில் அவள் வேலை செய்யும் தையல் நிலையத்தடியில் இறக்கிவிட்டு வந்தான். கேட்டால், றோட்டில் மாடு என்பான், டிப்பர் என்பான், புழுதி என்பான்.

உண்மைக் காரணம் வேறு. வீட்டில் மாமியார், கோழி, அடுப்பு. வயலில் தண்ணீர், பன்றி, எலி. அவளோடு ஆறுதலாகக் கதைக்க அவனுக்குக் கிடைப்பது அந்தக் காலைப் பயணம் மட்டும்தான். திறப்புக் கைமாறினால் என்றாவது ஒருநாள் அவள் தனியே போய்விடுவாள். இதை வாய்விட்டுச் சொல்வதைவிட மாடுகள் மேல் பழிபோடுவது அவனுக்கு லேசாக இருந்தது.

தாட்சாயினியின் தம்பி நிரோஜன் கிளிநொச்சியில் ஒரு போன் கடையின் பின்னறையில் கேம் விளையாடும் இடம் திறந்திருந்தான். ஒரு சனிக்கிழமை இருவரும் அங்கே போனார்கள்.

"அத்தான், உங்கட சிவப்புக் காரின்ர பேரப்பிள்ளை வந்திருக்கு. ஒருக்கா ஓடிப் பாக்கிறியளோ?"

"எனக்கு எதிரா ஓட ஆர் இருக்கினம்?" என்றான் தயாபரன்.

"நான் ஓடுறன்," என்றாள் தாட்சாயினி. "நான் வெண்டால் திறப்பைத் தரவேணும்."

"தோத்தால்?"

"இனித் திறப்பெண்ட கதையே எடுக்க மாட்டன்."

"அத்தான், யோசியாதேங்கோ. இப்பிடியொரு வாய்ப்பு இனிக் கிடைக்காது," என்றான் தம்பி.

தயாபரன் கதிரையை இழுத்துப் போட்டு நிமிர்ந்து இருந்தான். "ஸ்டியரிங் எங்க?"

ஸ்டியரிங் இல்லை. நிரோஜன் அவன் கையில் இரண்டு கொம்பு வைத்த ஒரு கறுப்புக் கொன்ட்ரோலரைத் தந்தான். "பெருவிரலால இந்தக் குமிழை அசைச்சால் திரும்பும். வலக்கைச் சுட்டுவிரலுக்குக் கீழ வேகம். இடக்கையில பிரேக்."

"பிரேக் எனக்குத் தேவைப்படாது." வவுனியாப் பெட்டியில் பிரேக், அவன் போகமுதலே உடைந்திருந்தது.

ஓட்டம் தொடங்கியது. கண்ணாடியில் மழைத்துளி விழுந்து வழிவதுகூடத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் மட்டும் யாருமில்லை. அவன் ஒருதரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். ஆனாலும் தட்டையான றோட்டில், மெசின் ஓட்டிய மற்றக் கார்கள் உட்பட எல்லாரையும் முந்தினான். தாட்சாயினி எல்லாருக்கும் பின்னால், இடப்பக்க ஓரமாக, வளைவுக்கு வளைவு ஹோன் அடித்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இது ஒருவழிப் பாதை. எதிரில ஒருத்தரும் வராயினம்."

"வளைவெண்டால் ஹோன் அடிக்கவேணும். நான் படிச்சுப் பாஸ் பண்ணினனான்."

பிறகு பாதை மலையேறி, மறுபக்கம் கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கியது. அங்கேதான் வினை.

லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் ஓடுகிறவர்களுக்கு ஒரு சங்கதி தெரியும். அதன் இரண்டு கைபிடிகளின் கீழும் ஒவ்வொரு கிளச் இருக்கும். தட்டையான நிலத்தில் வலது கிளச்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பாரத்தோடு சரிவில் இறங்கும்போது எல்லாம் தலைகீழ். வலதைப் பிடித்தால் இடப்பக்கம் போகும். அக்கராயன் குளக்கட்டால் நெல் மூட்டையோடு இறங்கத் தெரிந்தவன் இதை மறக்கமாட்டான். தெரியாதவனை வாய்க்காலிலிருந்துதான் தூக்க வேண்டும்.

தயாபரனின் விரல்கள் இளமை முழுவதும் லாண்ட்மாஸ்டர் பிடித்தவை. இறக்கத்தில் இடப்பக்க வளைவு வந்தபோது அவை அவனைக் கேட்கவில்லை. வலதை இறுக்கிப் பிடித்தன; கொன்ட்ரோலரில் அங்கே இருந்தது வேகம். கார் முழு வேகத்தில் தடுப்பைத் தாண்டிக் கடலுக்குள் பாய்ந்தது.

விளையாட்டு அவனை மறுபடி றோட்டில் தூக்கி வைத்தது. அவன் மறுபடி பாய்ந்தான். மறுபடியும்.

"அத்தான், பிரேக்கைப் பிடியுங்கோ!"

"இடப்பக்கம் திரும்ப வலதைப் பிடிக்கிறனடா, திரும்புதில்லை!"

தாட்சாயினி அக்கராயனில் வளர்ந்த பெண். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சிரிப்பில் கொன்ட்ரோலர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "ஐயோ தம்பி, இந்த மனுசன் எங்கட குளக்கட்டால நெல்லு இறக்குது!"

"கடல் நிறைய நெல்லு அக்கா," என்றான் நிரோஜன்.

சிரித்துக்கொண்டே, ஓரமாக, ஹோன் அடித்தபடி அவள் அவனைத் தாண்டிப் போனாள். கடைசி ஆளாகத்தான் எல்லைக்கோட்டைக் கடந்தாள். ஆனாலும் கடந்தாள். தயாபரனின் திரையில் நேரம் முடிந்துவிட்டது என்று எழுத்து வந்தபோது அவனுடைய கார் கடலுக்குள் கிடந்தது.

"மெசின் பிழை," என்றான்.

"திறப்பு," என்றாள் அவள், கையை நீட்டி.

வெளியே காரடியில் வந்துதான் அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். திறப்பை எடுத்து, இல்லாத தூசியை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து, அவள் கையில் வைத்தான்.

"அப்ப திங்கக்கிழமை... நீ தனியவே போகப்போறாய்?"

தாட்சாயினி அவன் முகத்தைப் பார்த்தாள். மாடும் டிப்பரும் புழுதியும் அவளுக்கு அப்போதுதான் விளங்கின. "எல் போர்ட்டோட தனிய ஓடேலுமோ? பக்கத்தில லைசன்ஸ் உள்ள ஆள் இருக்கவேணும். உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். கவலையில் அது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

"எவ்வளவு நாளைக்கு?"

"ஓடிக்காட்டுற சோதினை பாஸ் பண்ணுமட்டும்."

அவன் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினான். அந்த இருக்கையில் அவன் இருப்பது அதுதான் முதல் தடவை. பெல்ட்டை இழுத்து மாட்டி, வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

"அவசரப்பட்டுச் சோதினைக்குப் போகாத," என்றான். "ஆறுதலாப் பழகு."