அப்பா தாண்டிய இடம்

காலை பத்தரைக்கு அப்பாவின் முகத்தில் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார்கள். பாதி முகம் மறைந்தது.

"இறுக்குதா?" என்று கேட்டேன்.

"பரவாயில்ல மேடம்."

மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்து வந்த பிறகு நான் அவருக்கு மேடம்தான். லிஃப்ட் மெக்கானிக் வேலை முழுதும் நினைவிருந்தது. கல்யாணம், அம்மா, அம்மாவின் சாவு, நான், எதுவும் இல்லை. "எனக்கு ஏது பொண்ணு? பொண்ணு பார்க்கவே இன்னும் யாரும் கூட்டிட்டுப் போகலையே," என்று ஒருமுறை சிரித்தார்.

டாக்டர் கடைசியாகச் சொன்ன வழி இது. விற்று இடிபட்டுப்போன எங்கள் பழைய வீட்டைப் புகைப்படங்களிலிருந்து கணினியில் கட்டித் தந்தவனுக்கு அந்த அலுவலகத்தில் கொத்தனார் என்று பெயர். செங்கல் தொடாத கொத்தனார். அப்பா நடக்கப்போவது நாற்காலிகூட இல்லாத வெறும் கூடத்தில். அவர் கண்ணுக்குத் தெரிவது கண்ணாடிக்குள் இருக்கும் வீடு. ஓரத்து மேஜைத் திரையில் எங்களுக்கும் அது தெரிந்தது.

"அறைக்கு ஒரு தப்பு வெச்சிருக்கேன்க்கா," என்றான் கொத்தனார். "வேணும்னேதான். உள்ள ஏதாவது மிச்சம் இருந்தா, கை தானா சரியான இடத்துக்குப் போகும்."

சுவிட்சுகள் கதவின் வலப்பக்கம் இருந்தன. எங்கள் வீட்டில் இடப்பக்கம். அப்பா வலப்பக்கமே கையை நீட்டினார். அலமாரி இடம் மாறியிருந்தது. "நல்ல மரம்," என்றார். லாட்ஜில் அறை பார்க்க வந்தவர்போல நடந்தார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா, இங்க பாருங்க."

சமையலறையிலிருந்து முன்னறைக்கு வரும் வாசலில் அப்பா காலை உயரத் தூக்கி வைத்திருந்தார், எதையோ தாண்டுகிறவர்போல.

"படி எதுவும் வைக்கலையே," என்றான். "ஐயா, தரையில ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமில்லையே தம்பி. சுத்தமா இருக்கு."

"இன்னொரு தடவை வாங்க. ஏங்கய்யா, லிஃப்ட் கயிறு அறுந்தா என்ன ஆகும்?"

"சினிமாவுலதான் விழும். நிஜத்துல பிரேக் பிடிச்சுக்கும். நாலு பேரு கத்துவாங்க, அவ்வளவுதான்."

பேச்சு நிற்கவில்லை. அதே இடத்தில் கால் உயர்ந்து, அந்தப் பக்கம் இறங்கியது.

"என் வேலையிலதான் கோளாறு போல," என்றான் கொத்தனார்.

"கோளாறு இல்ல," என்றேன். "அது நான்."

பள்ளி நாட்களில் அந்த வாசலில்தான் குப்புறப் படுத்துப் படம் வரைவேன். வீட்டில் காற்று வரும் ஒரே இடம். அப்படியே தூங்கியும் போவேன். போகும்போதும் வரும்போதும் அப்பா தாண்டிப் போவார். எந்தப் புகைப்படத்திலும் அது இல்லை. நானே மறந்துபோயிருந்தேன்.

கூடத்தின் வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வீட்டைத்தான் நான் கட்டினேன்," என்றான் கொத்தனார் மெதுவாக.

இன்னொரு கண்ணாடி கேட்டேன்.

"எதுக்குக்கா?"

"அங்க போய்ப் படுக்கப் போறேன்."

"இந்த வயசுலயா?" என்றபடியே எடுத்துத் தந்தான். "இதை மாட்டினா உங்க இப்போ இருக்கிற முகம்தான் உள்ள அவருக்குத் தெரியும். சின்னப் பிள்ளையா மாத்தணும்னா நாளாகும்."

"இதே முகம் போதும்."

கண்ணாடிக்குள் எங்கள் வீட்டின் மஞ்சள் சுவர் நின்றது. வாசலில் குப்புறப் படுத்தேன். சிமெண்டு வயிற்றில் சில்லிட்டது. அப்பாவின் பாதங்கள் சமையலறையிலிருந்து வந்தன.

இம்முறை தாண்டவில்லை. என் தலைமாட்டில் நின்றன. அப்பா குனிந்தார்.

"மேடம்," என்றார், யாருடைய தூக்கமும் கலையாத குரலில். "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிறீங்களா? இங்க என் பொண்ணு படுத்திருப்பா."