கொஞ்சம் கிட்டப் பிடி

"இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடி இஃப்ரா. வெளிச்சம் பத்தல, துணிதான் தெரியுது."

தோஹாவிலிருந்து அண்ணன் வாஜித்தின் குரல். இஃப்ரா போனை இரண்டு கையாலும் தூக்கிக் கூட்டத்துக்கு மேலே பிடித்தாள். அஸ்தினாபுரத்து வீட்டுக் கூடத்தில், கஃபன் துணிக்குள் அத்தா கிபாயத்துல்லா கிடந்தார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகும், திரையில் உள்ளங்கை அளவு வெள்ளையும்தான்.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வீட்டுக்கு வந்ததும், அவள் முகத்தைப் பார்க்கும் முன்பே ஆண்கள் குளிப்பாட்டத் தூக்கிப்போய்விட்டார்கள். அண்ணனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மதியம் லுஹர் தொழுகை முடிந்து அடக்கம் என்று முடிவானதும் மாமா போனை அவளிடம் நீட்டினார். "இதெல்லாம் உனக்குத்தாம்மா வரும்." கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது, அத்தாவின் மோட்டார் ரிப்பேர் கடையை மேப்பில் ஏற்றியது எல்லாம் அவள்தான். இதுவும் அவள் தலையில் விழுந்தது.

வந்த பெண்கள் அம்மா சித்திகாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இஃப்ராவிடம் வரும்போது மட்டும் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அந்தப் பக்கம் எவன் எவன் பார்க்கிறானோ. பக்கத்து வீட்டு ரேஷ்மா அக்கா கையை நீட்டிக்கொண்டே வந்தவள், "வீடியோ ஓடுதாம்மா?" என்று கேட்டு அப்படியே திரும்பிவிட்டாள். காலையிலிருந்து இஃப்ராவை ஒருவரும் தொடவில்லை. பெற்ற தகப்பன் சாவில், கூலிக்குப் படம் பிடிக்க வந்தவளைப் போல நின்றாள்.

"உன் வகிடுதான் எனக்குத் தெரியுது. மூஞ்சி எப்பம்மா வரும்?" சோற்றுத் தட்டுக்கு முன்னால் அத்தா கேட்பார். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ரெண்டு நிமிஷம்த்தா" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

"மூடப் போறோம். வூட்டுப் பொம்பளைங்க கடைசியா முகம் பாத்துக்குங்க" என்றார் மாமா.

முதுகுகள் விலகின. இஃப்ரா முன்னே நகர்ந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது.

"ஸ்டக் ஆயிடுச்சு இஃப்ரா. கேக்குதா? ஒரே ஒரு தடவ காட்டிடும்மா."

போன் நின்றால் ஓட வைப்பது அவள் கைக்குப் பழகிய வேலை. கண்ணும் கையோடு போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி, வைஃபையை அணைத்து, டேட்டாவைப் போட்டாள். வட்டம் சுற்றியது. அண்ணனின் முகம் தெளிவாக வந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

திரும்பியபோது முகத்தை மூடித் தலைமாட்டில் முடிச்சுப் போட்டாயிற்று. "மாமா" என்றாள். கலிமா சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆண்கள் போனார்கள். பெண்களுக்கு வாசலோடு சரி. அவள் வாசல் வரை போய் நின்றாள்.

"எனக்குக் கொடுத்துவைக்கல" என்றான் வாஜித். "நீயாச்சும் பாத்தியே. முகம் எப்படி இருந்துச்சு?"

மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்தது.

"தூங்குற மாதிரி இருந்துச்சுண்ணா. சிரிச்ச முகம்."

அவன் வாய்விட்டு அழுதான். அழுது முடிக்கும்வரை போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு லைன் போய்விட்டது.

உள்ளே அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இஃப்ரா திரும்புவதைப் பார்த்ததும் துப்பட்டாக்கள் ஒவ்வொன்றாக முகத்துக்கு ஏறின.

அவள் குனிந்து, வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.